லத்தி நோட்டு

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படித்த முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றும் கூச்சம் கிடையாது. ஆனால் ஏழாம் வகுப்பில், யானைகள் தினம் என்று எங்களை மிருகக்காட்சி சாலைக்கு அழைத்துப் போனபோது, அம்மா என்னை அனுப்பியது படிப்புக்காக இல்லை. யானை லத்திக்காக.

தம்பிக்கு அப்போது மூன்று வயது ஆகப்போகிறது. இன்னும் நடக்கவில்லை. சுவரைப் பிடித்து நிற்க வைத்தால் இரண்டு காலும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும். யானை போட்ட சாணியை, அதாவது லத்தியை, சூடு ஆறுவதற்குள் மிதிக்க வைத்தால் பிள்ளை கால் ஊன்றி நடந்துவிடும் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். யானைக்கு எங்கே போவது என்பதுதான் தெரியாது.

அதற்குச் சில மாதங்கள் முன்பு, எங்கோ திருவிழாவுக்குப் போகிற யானை ஒன்று புவனகிரி ரோட்டில் நடந்து போயிருக்கிறது. அம்மா நடவில் இருந்தாள். சேதி கேட்டு, சேற்றுக் காலோடு தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள். அதற்குள் பஸ் டயர்கள் லத்தியைத் தாரோடு தாராகத் தேய்த்திருந்தன. அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்: "பெத்தவளுக்கே ஓட்டம் பத்தல. புள்ள எங்கேருந்து நடக்கும்?"

அம்மா அடுத்த யானைக்குக் காத்திருந்தாள். அது பள்ளிக்கூடத்துச் சுற்றறிக்கையாக வந்தது.

எங்களுக்குப் பக்கத்து மிருகக்காட்சி சாலை அதுதான். பக்கம் என்றால் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் நாலரை மணி நேரம். கிளம்பும்போது அம்மா புளிச்சோறு கட்டிய டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்து மெதுவாகச் சொன்னாள்.

"சாப்ட்டு முடிச்சதும் நல்லா தொடைச்சி வச்சிக்க. சூடா இருக்கறத போட்டு இறுக்கி மூடிடு."

"டீச்சர் பாத்துட்டா?"

"பாக்கட்டுமே. அவுங்க வூட்டு யானையா?"

கடலூர் தாண்டும்போது பஸ்ஸே பாடிக்கொண்டிருந்தது. நான் பாடவில்லை. பாக்ஸ் காலியாக இருந்தால்தானே யானை லத்தி போடுகிற நேரத்தில் உடனே எடுக்க முடியும்? ஏழு மணிக்கே முழுச் சோற்றையும் அடைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்தாள். "என்னாடி, அதுக்குள்ளயே காலி பண்ணிட்ட? மத்தியானத்துக்கு யானைகிட்ட பங்கு கேக்கப் போறியா?" பின்சீட்டு வரைக்கும் சிரித்தார்கள். நான் வேறு கணக்கில் இருந்தேன். திரும்பி வரவும் நாலரை மணி நேரம். அதுவரை சூடு நிற்குமா? பாவாடையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டால்?

யானைகளைப் பார்த்ததும் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டேன். எங்களுக்கும் அவற்றுக்கும் நடுவில் அகலமான பள்ளம் ஒன்று வெட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் இரண்டு யானைகள், அவற்றின் முன்னால் விசேஷ நாளுக்காக அடுக்கிய தர்பூசணியும் கரும்பும். சின்ன யானை வாலைத் தூக்கி லத்தி போட்டது. எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். அதிலிருந்து ஆவி வருவது எனக்குத் தெரிந்தது. தம்பியின் கால் அங்கே, பத்தடி தூரத்தில் ஆறிக்கொண்டிருந்தது.

வேலியை ஒட்டிச் சுற்றிப் பின்பக்கம் போனேன். காக்கி டிரவுசர் போட்ட பாகன் ஒருவர் லத்தியை மண்வெட்டியால் அள்ளித் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரே ஒரு கை லத்தி குடுங்கண்ணே."

"எதுக்கு பாப்பா? ரோஜாச் செடிக்கா?"

"தம்பிக்கு."

அவருடைய கை நின்றது. மூடி திறந்த டிபன் பாக்ஸைப் பார்த்தார். "எங்க ஊர்லயும் செய்வாங்க," என்றார். "ஆனா இங்கேருந்து வெளிய குடுத்தா என் வேலை போயிடும்மா. நோய் பரவும்னு ரூல்சு."

நான் அழுதால் மனம் மாறுவாரோ என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அறிவியல் டீச்சர் என் தோளைப் பிடித்தார். திறந்த பாக்ஸோடு வகுப்பின் முன்னால் நிற்க வேண்டியதாயிற்று. "சயின்ஸ்ல தொண்ணூறு வாங்குற பொண்ணு நீ. இதையா நம்புற?" என்றார். எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இருந்தது. பாக்ஸை மூடினேன்.

மத்தியானம் ஒரு பந்தலில் வினாடி வினா. மைக் பிடித்த அக்கா, யானையின் தும்பிக்கையில் எத்தனை எலும்பு என்று கேட்டார். நூறு, ஐம்பது, ஒன்று என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். நான் எழுந்து, ஒன்றுகூட இல்லை என்றேன். காலையில் வாசலில் இருந்த பலகையை முழுக்கப் படித்திருந்தது நான் மட்டும்தான். எங்கே எழுத்தைப் பார்த்தாலும் படித்துவிடுகிற புத்தி எனக்கு அப்போதே உண்டு. பரிசாகப் பழுப்பு நிறத்தில் ஒரு நோட்டுக் கொடுத்தார். "இந்தப் பேப்பர் எதுல செஞ்சது தெரியுமா? யானை லத்தியில!"

கூட்டம் முகம் சுளித்தது. நான் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

ஆனால் அந்தச் சந்தோஷம் பந்தலைத் தாண்டவில்லை. லத்தியைக் கழுவி, காய்ச்சி, உலர்த்திச் செய்வோம், நாற்றமே இருக்காது என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தார். நோட்டை மோந்து பார்த்தேன். நாற்றம் இல்லை. காய்ச்சினால் பலமும் போய்விடுமே? வழியெல்லாம் நோட்டைச் சூடு ஏறட்டும் என்று இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலையில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நோட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாங்கள் காகிதத்தை மிதிக்கிறவர்கள் இல்லை. மளிகைக் கடைக்காரர் பொட்டலம் கட்டிய தாளில் கால் பட்டால்கூட, எழுதப் படிக்கத் தெரியாத அம்மா அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

"உள்ள எழுத்து இருக்கா?"

"அட்டையில மட்டும்தாம்மா. உள்ள ஒண்ணும் இல்ல."

"எழுத்து இல்லாத வரைக்கும் அது லத்திதான்," என்றாள்.

நோட்டை நடுவில் விரித்து, அட்டை தரையைப் பார்க்க வைத்தாள். தம்பியை அக்குளில் பிடித்துத் தூக்கி அதன்மேல் மூன்று முறை நிறுத்தினாள். அவனுக்கு ஒரே சிரிப்பு. இரண்டு கால்களும் பின்னிக்கொண்டன. அம்மா முந்தானையால் அந்தப் பக்கங்களைத் துடைத்து என் கண்ணில் ஒற்றினாள்.

"நடப்பானாம்மா?"

"நடப்பான், நடப்பான்."

அவன் நடக்கவில்லை. சூடான லத்தியைக் கொண்டுவர எனக்குச் சாமர்த்தியம் போதவில்லை, அதனால்தான் என்று வருஷக்கணக்கில் நம்பினேன். இப்போது தம்பி காலில் பட்டை கட்டிய ஷூவோடு நடக்கிறான். கல்லூரிக்குப் போகிறான், வாய் என்னைவிட நீளம். "நீ மட்டும் காய்ச்சாம கொண்டாந்திருந்தா ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்சிருப்பேன்," என்பான்.

போன வருஷம் அவனுடைய சான்றிதழ் ஒன்றுக்காகப் பழைய ஆஸ்பத்திரி ஃபைலைத் தேடி எடுத்தேன். எங்கள் வீட்டில் அதைப் படிக்கக்கூடியவர்கள் நானும் அவனும்தான். முதல் சீட்டு கடலூர் ஆஸ்பத்திரியில் போட்டது. அதில் இருந்தது யானைகள் தினத்துத் தேதி. நான் தூரத்து ஊரில் பாகனிடம் கெஞ்சிக்கொண்டிருந்த நேரத்தில், யாரிடமும் சொல்லாமல் அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு அங்கே போயிருக்கிறாள். மூளையிலிருந்து காலுக்கு வரும் கட்டளையில் கோளாறு, தானாகச் சரியாகாது, ஆபரேஷனும் பட்டையும் தேவைப்படும், தாயிடம் விளக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

நோட்டை விரித்தபோது அம்மாவுக்கு எல்லாம் தெரியும்.

தம்பியை நோட்டின் மேல் நிறுத்திய அன்று காலை அவள் என்னோடு பள்ளிக்கூடம்வரை நடந்து வந்தாள். அதற்கு முன் ஒருநாளும் வந்ததில்லை. வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள், இறுக்கமாக. ஏழாம் வகுப்புப் பிள்ளையை யாராவது கை பிடித்துக் கூட்டிப்போவார்களா? வாசலில் நின்றிருந்தவர்கள் பார்த்துவிடப் போகிறார்களே என்று கையை உருவிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டேன்.