இரண்டு விரல் காட்டிய கதை

என் கணவருக்குப் பழைய ஆங்கிலக் கார்ப் பந்தயப் படம் ஒன்றின்மேல் தீராத பிரியம். அதில் வெகுநேரம் யாரும் பேசமாட்டார்கள். கார்கள் மட்டும் உறுமும். கல்யாணமான புதிதில் என்னை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினார். நான் பாதியில் எழுந்து போய் அரிசி களைந்தேன். அதிலிருந்து அந்தப் படத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். போன வருடம் என் தம்பி மாட்டினான்.

தம்பி நிலக்கோட்டை பூச்சந்தையிலிருந்து திண்டுக்கல்லுக்கு மல்லிகை ஏற்றிவரும் வேன் ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவன், கார்ப் படம் என்றதும் உட்கார்ந்துவிட்டான். கடைசியில் கதாநாயகன் மயிரிழையில் தோற்றுப்போகிறான். ஜெயித்தவனைக் கூட்டத்துக்கு நடுவில் பார்த்து, புறங்கை அவன் பக்கம் இருக்கும்படி இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுகிறான். சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. கையை இறக்கிவிட்டுப் போய்விடுகிறான்.

வெற்றி என்று அர்த்தம் என்றார் கணவர். நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிறவள். புறங்கையைக் காட்டினால் அவர்கள் ஊரில் அது வசவு என்று எங்கோ படித்திருந்ததைச் சொன்னேன்.

"ரெண்டு பேரும் தப்பு," என்றான் தம்பி. "நான் செகண்டு வந்துட்டேன்னு சொல்றாரு. அம்புட்டுத்தான்."

கணவர் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டினார். கறிக்குழம்பு ஆறியது. யாரும் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

தம்பியைப் போலவே பூ ஏற்றிவரும் இன்னொரு டிரைவர் உண்டு. ஐம்பதை நெருங்கியவர். எங்களுக்கெல்லாம் அவர் அண்ணன். வழியில் ஒருவர் வண்டி நின்றால் மற்றவர் நிறுத்தி மூட்டைகளை மாற்றி ஏற்றிக்கொள்வார். அது அவர்களுக்குள் இருந்த வழக்கம். அந்த வாரம் டோல்கேட்டில் இருவர் வண்டியும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் நின்றன. அண்ணனின் வண்டி முந்திக்கொண்டது. தம்பி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, படத்தில் பார்த்தபடியே, புறங்கை தெரிய இரண்டு விரலைக் காட்டினான். முகத்தையும் அதே மாதிரி வைத்துக்கொண்டானாம்.

சில நாள் கழித்து சின்னாளப்பட்டிக்கு முன்னால் தம்பியின் வண்டியில் பெல்ட் அறுந்தது. பின்னால் வந்த அண்ணன் வேகத்தைக் குறைத்தார், பார்த்தார், போய்விட்டார். தம்பி மெக்கானிக்கைக் கூட்டிவருவதற்குள் வெயிலில் மொட்டெல்லாம் விரிந்துவிட்டது. விரிந்த பூவைக் கடைக்காரர்கள் தொடவில்லை.

காரணம் சந்தையில் மூட்டை தூக்குகிறவர் சொல்லித்தான் தெரிந்தது. முதல் மனைவி இறந்து சில வருடம் தனியாக இருந்த அண்ணன், அண்மையில்தான் இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டார். அவர் வண்டி சந்தைக்குள் நுழைந்தால் நாலைந்து பேர் இரண்டு விரலைக் காட்டிச் சிரிப்பார்களாம். கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டு வந்த தம்பிக்கு இந்தக் கேலி தெரியாது.

போன் செய்தான். அவர் எடுக்கவில்லை. "நீ வந்து சொல்லுக்கா. டீச்சர் சொன்னாக் கேப்பாரு," என்று என்னை அழைத்துப்போனான். அண்ணன் வாசலிலேயே நின்றார். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வேடசந்தூர்ப் பக்கம் மில்லில் வேலை பார்த்தவர்.

"அது ஒரு படத்துல வர்றதுண்ணே," என்றேன்.

"என்னையக் கேலி பண்றதுக்குப் படமே எடுத்துட்டாய்ங்களா, டீச்சர்?"

"ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வந்து நீங்களே பாருங்க. ரெண்டு பேரும் வாங்க," என்று சொல்லிவிட்டு வந்தேன். வருவார் என்று நினைக்கவில்லை. வந்தார்கள். மனைவி ஒரு பந்து மல்லிகை கொண்டுவந்திருந்தார்.

முழுப் படமும் பார்த்தோம். கணவரை அத்தனை சந்தோஷமாக நான் அதிகம் பார்த்ததில்லை. மற்ற யாரும் பேசவில்லை, படத்திலும் பேசவில்லை. கடைசியில் கதாநாயகன் விரலைக் காட்டினான்.

"இன்னொருக்கா போடுங்க சார்," என்றார் அண்ணன்.

போட்டார். வசவு பற்றிய தகவலை அன்று நான் வெளியிடவில்லை. கணவர் மட்டும் மெதுவாக, "வெற்றின்னு அர்த்தம்ணே," என்றார்.

"தோத்தவன் எப்பிடி சார் வெற்றிம்பான்?"

கணவர் ரிமோட்டைத் துடைத்தார்.

"எனக்கு, நாம ரெண்டு பேருன்னு சொல்ற மாதிரி இருக்கு," என்றார் அண்ணனின் மனைவி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவுக ரெண்டு பேருக்குத்தான தெரியும் என்ன பாடுன்னு. சுத்தி நிக்கிறவுகளுக்கு என்ன தெரியும்."

அண்ணன் கொஞ்சநேரம் அவரைப் பார்த்தார். பிறகு தம்பியிடம் திரும்பினார்.

"நீ என்ன நெனச்சுக் காட்டுன?"

"ஒண்ணும் நெனைக்கலண்ணே. நீங்க முந்திட்டீங்க, நான் செகண்டு. படத்துல பாத்தது நல்லாருந்துச்சு. கை தானாப் போயிருச்சு."

"சந்தையில எல்லாரும் காட்டுறது தெரியாதா ஒனக்கு?"

"சத்தியமாத் தெரியாதுண்ணே."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "பெல்ட் அறுந்து நின்னப்ப பாத்துட்டுத்தான் போனேன்."

"தெரியும்ணே."

"திரும்பலாமா திரும்பலாமான்னு நெனச்சுக்கிட்டே ஊர் வந்து சேந்துட்டேன்."

நான் எழுந்து இலை போட்டேன். அண்ணன் முதலில் வேண்டாம் என்றார். மனைவி உட்கார்ந்ததும் தானும் உட்கார்ந்தார். இரண்டாவது முறை குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து இரண்டு வண்டிகளும் பழையபடி ஓடின. டோல்கேட்டில் தம்பி ஹாரன் மட்டும் அடிக்கிறான். இப்போதெல்லாம் சில நாள் அண்ணனின் மனைவியும் முன்சீட்டில் உட்கார்ந்து சந்தைக்கு வருகிறாராம். இறங்கி, விரல் காட்டுகிறவர்களிடமே போய் நின்று, பூ விலை விசாரிக்கிறாராம். அவர்கள் விரலை மடக்கிக்கொண்டு விலையைச் சொல்கிறார்கள் என்றான் தம்பி.