ஆற்றங்கரைக்கு வந்த கூட்டம்

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிபாளையத்தில் என் அம்மா வீட்டில் நடந்தது இது. அப்பாவின் காரியம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தம்பி அவசரமாக வரச் சொன்னான் என்று திருச்செங்கோட்டிலிருந்து போயிருந்தேன்.

வீட்டை ஒட்டி அப்பா நடத்திவந்த விசைத்தறிப் பட்டறை இருக்கிறது. அதில் வருவதை வைத்துத்தான் அம்மாவும் தம்பி குடும்பமும் சாப்பிடுகிறார்கள். அதை இடித்துவிட்டு, காவிரிக்குச் சுற்றுலா வருகிறவர்கள் தங்க லாட்ஜ் கட்ட வேண்டும் என்பது தம்பியின் ஆசை. இடத்தில் எனக்கும் பங்கு உண்டு. என் கையெழுத்து இல்லாமல் எதுவும் நகராது. கட்டித்தர முன்வந்தவர் டிப்டாப்பாக வந்து உட்கார்ந்து, எங்கள் டிவியிலேயே ஒரு வீடியோ போட்டுக் காட்டினார்.

டிரோனில் எடுத்த படம். கரை நெடுக வேன்கள், கார்கள், படித்துறை கொள்ளாத ஜனம். கூடவே துள்ளலான இசை வேறு. "போன மாசம் எடுத்ததுங்க. வருசா வருசம் கூட்டம் ஏறிக்கிட்டேதான் போகுது. தங்கறதுக்குத்தான் எடமில்லீங்க" என்றார். தம்பியின் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் நம்பத்தான் தோன்றியது. கண்ணால் பார்க்கிறோமே, வேறென்ன வேண்டும்?

மூலையில் உட்கார்ந்திருந்த அம்மா திடீரென்று, "கொஞ்சம் நிறுத்து சாமி. அந்தப் படியில குந்தியிருக்கறது நானாட்ட இருக்குது" என்றாள்.

தம்பி படத்தை நிறுத்தினான். அம்மாவேதான். பக்கத்தில் முக்காடு போட்டுக்கொண்டு நான். இடுப்பளவு தண்ணீரில், மொட்டைத் தலையோடு தம்பி. அவன் கையில் அப்பாவின் அஸ்திக் கலயம்.

நாங்கள் உடைந்துபோய் நின்ற நாளை எவனோ மேலே இருந்து படம் பிடித்து, இசை சேர்த்து, சுற்றுலா என்று பெயர் வைத்திருக்கிறான். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன.

முதலிலிருந்து மெதுவாக ஓட்டச் சொன்னேன். இப்போது எல்லாமே வேறாகத் தெரிந்தது. எங்கு பார்த்தாலும் மொட்டைத் தலைகள், வாழை இலைகள், ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்துப் படியேறும் பெண்கள். ஓர் ஓரமாகச் சில பையன்கள் கும்மாளமடித்துக் குளித்ததும் தெரிந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"இதுல ரூம் போட்டுத் தங்க வந்தவங்க எத்தன பேருங்க?" என்று கேட்டேன்.

"அது எப்படீங்க தனியாத் தெரியும்? வாரவங்க அத்தன பேரும் கூட்டந்தானுங்களே."

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, கரைச்சுப்போட்டுத் திரும்பிப் பாக்காம ஊடு வந்து சேரோணும். நாங்க அன்னைக்கு ஒரு டீக்கடையிலகூட நிக்கலீங்க. எங்களாட்ட ஆளுக உங்க ரூம்புல எப்படித் தங்குவாங்க?"

தம்பி, அப்போதுதான் முளைத்திருந்த தலைமுடியைத் தடவியபடி அந்தப் படத்தை இன்னொரு முறை பார்த்தான். பிறகு, "வேண்டாங்க்கா, உட்ரலாம்" என்று சொல்லி டிவியை அணைத்தான்.

பட்டறை இன்றும் எப்போதும்போல ஏற்ற இறக்கமாக ஓடிக்கொண்டிருக்கிறது. லாட்ஜ் கட்டியிருந்தால் நன்றாகப் போயிருக்குமோ என்னவோ, அது எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வீடியோ இன்னும் யார் யார் வீட்டு டிவியிலோ ஓடிக்கொண்டுதான் இருக்கும். புருஷனை ஆற்றில் கரைக்க வந்த என் அம்மா, அதில் சுற்றுலாப் பயணிகளில் ஒருத்தியாக உட்கார்ந்திருப்பாள். அதனால் இப்போதெல்லாம் யார் ஒரு கூட்டத்தைக் காட்டி, பார் எப்படி வளர்கிறது என்று சொன்னாலும், அதில் என் அம்மா எங்கே இருக்கிறாள் என்றுதான் முதலில் தேடுகிறேன்.