இரவல் அசை

உஷீட்சே ஊருக்குப் போகும் பாதையில் முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர் ரதோய்கோ. உலகத்தில் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்பது அவருடைய எண்ணம். ஓய்வு பெற்றதும் சாருல்யா என்றொரு பசுவை வாங்கினார். மாட்டுக்கு நாலு வயிறு என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தார். நாலு வயிற்றுக்கும் வெறும் காய்ந்த புல்லா? மைத்துனன் மகள் கல்யாணத்தில் மிஞ்சிய ரொட்டியை இரண்டு மூட்டை கொண்டுவந்து தொட்டியில் கொட்டினார். கூடவே, தாராள மனசோடு, ஒரு வாளி மக்காச்சோள மாவு.

மறுநாள் சாருல்யா விருந்துக்கு நன்றி சொல்லும் நிலையில் இல்லை. அசை போடவில்லை. காதுகள் தொங்கின. சாணம் தண்ணீராகப் போயிற்று. ரதோய்கோ அரைக் கோப்பை பிளம் சாராயம் புகட்டிப் பார்த்தார். அதற்கும் குணமாகாதது அவருக்கு ஆச்சரியம்தான்.

கால்நடை டாக்டர் ஸ்லாஜனா வந்து, இடது விலாவுக்குப் பின்னால் முஷ்டியை அழுத்திக் கொஞ்ச நேரம் நின்றாள்.

“உள்ள ஒரு அசைவும் இல்ல மாமா. என்ன போட்டீங்க?”

“ரொட்டிதான். நல்ல ரொட்டி. நாலு வயிறு இருக்கில்ல?”

“வயிறு ஒண்ணுதான், அறைதான் நாலு. முதல் அறை பெரிய ஊறல் தொட்டி மாதிரி. அதுல கண்ணுக்குத் தெரியாத உசுருங்க கோடிக்கணக்குல இருக்கு. புல்லைச் செரிக்கிறதே அதுங்கதான். மாடு முழுங்கினதை மேல எடுத்து, மறுபடி மென்னு, அதுங்களுக்கு அனுப்பும். நீங்க போட்ட ரொட்டி புளிச்சுக் காடியாப் போச்சு. அந்த உசுருங்கள்ல பாதி செத்திருக்கும்.”

ஒரு கோழிமேல்கூடப் பஸ்ஸை ஏற்றியதில்லை என்று பீற்றிக்கொள்பவர், ஒரே நாளில் கோடிக்கணக்கில் தீர்த்துக்கட்டியிருந்தார்.

ஸ்லாஜனா சமையல் சோடாவைக் கரைத்துப் புகட்டினாள். “இனி நல்ல மாட்டோட வாயிலேர்ந்து அசையைப் பிடுங்கி இதுக்குக் குடுக்கணும். அதோட அந்த உசுருங்களும் வரும். பக்கத்து வீட்லயே மாடு இருக்கே?”

இருந்தது. விதோசாவாவின் மாடு. பத்தொன்பது வருடத்துக்கு முன், இரண்டு கூடை பாலாடைக்கட்டியோடு சந்தைக்குப் போக மூச்சிரைக்க ஓடிவந்தவளின் முகத்தெதிரே, நேரமாயிற்று என்று பஸ் கதவைச் சாத்தியவர் ரதோய்கோ. அன்றோடு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

வேலியோரம் போய்த் தொப்பியைக் கழற்றினார்.

“அக்கா...”

“யாருக்கு யாரு அக்கா?”

நடந்ததைச் சொன்னார். நிழலில் படுத்துக் கண் சொருக மென்றுகொண்டிருந்த தன் பசுவை அவள் காட்டினாள். “எடுத்துக்கோ. கழுத்துல உருண்டை ஏறும் பாரு, அப்பப் பிடுங்கு.”

முதல் தடவை பசு முந்திக்கொண்டு விழுங்கியது. இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவதில் கடைவாய்ப் பற்கள் எங்கே இருக்கின்றன என்பதை அவருடைய விரல் கற்றுக்கொண்டது. விதோசாவா அவரை உரித்துக்கொண்டே, இல்லை, பீன்ஸ் உரித்துக்கொண்டே ஒரு மணி நேரம் வேடிக்கை பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, பசுவின் நாக்கைப் பக்கவாட்டில் பிடித்து, பச்சை உருண்டையை வழித்தெடுத்துத் தொப்பியில் போட்டாள். இப்படி ஐந்து உருண்டை.

“வெதுவெதுப்பான தண்ணில கரைச்சு உடனே ஊத்து. கொதிக்கிற தண்ணில போட்டுடாத. ஏற்கெனவே வேண்டிய அளவு கொன்னுட்ட.”

மூன்றாம் நாள் சாருல்யா நீளமாக ஓர் ஏப்பம் விட்டது. கழுத்தில் ஓர் உருண்டை ஏறியது. கட்டுப்போட்ட விரலோடு பக்கத்தில் குந்தியிருந்த ரதோய்கோ அது மெல்லுவதை ஒவ்வொரு தடவையாக எண்ணினார்.

விதோசாவா வந்து பசுவின் இடது விலாவில் காது வைத்தாள். “ஓடுது” என்றாள். பிறகு பசுவிடம் மட்டும் பேசினாள்: “இந்த ஆளு குடுக்கிறதை எல்லாம் தின்னு வைக்காதடி.”

ரதோய்கோ சரியென்று தலையாட்டினார். அவரைத் தெரிந்தவர்கள் இதை மட்டும் இன்னும் நம்ப மறுக்கிறார்கள்.