கிணற்று மனு

புது அதிகாரி வருவதற்கு முன்னால், எங்கள் ஆபீஸில் ஒரு காகிதம் படுத்துவிட்டால் லேசில் எழுந்திருக்காது. எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆபீஸ்களுக்குக் குறைச்சல் இல்லை. இரண்டாம் உலகச் சண்டைக்காலம் அது. ராஜபாளையத்திலிருந்து தினமும், பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் போய்வந்த குமாஸ்தா நான். கிணறு, பாதை, பாலம் என்று கிராமத்தார் கொடுக்கும் மனுக்கள் என் மேஜைக்கு வரும்.

வந்த அதிகாரி நல்ல மனிதர். மனுக்கள் வருஷக்கணக்கில் தூங்குவதைப் பார்த்து வயிறெரிந்து, எந்த மனுவும் ஒரு குமாஸ்தாவிடம் முப்பது நாளுக்கு மேல் இருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். சனிக்கிழமைதோறும் எங்களை வரிசையாக நிறுத்தி அவரவர் நிலுவையை வாசிக்கச் சொல்வார். நிலுவை அதிகமிருந்தால் அத்தனை பேர் முன்னாலும் மானம் போகும்.

நாங்கள் கெட்டிக்காரர்கள் அல்லவா, அதற்கும் வழி கண்டுபிடித்தோம். மனுவில் ஏதாவது ஒரு குறையைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டால், பதிவேட்டில் அந்த எண் முடிந்துவிடும். மறுபடி வந்தால் புது எண், புது முப்பது நாள். சனிக்கிழமைகளில் நான் "நிலுவை இல்லை" என்று வாசிப்பேன். அதிகாரி தலையசைத்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு நான் ஆசைப்பட்டேன். அவ்வளவுதான் விஷயம்.

அந்த மனுவைக் கொண்டுவந்தவர் வன்னியம்பட்டிப் பக்கம் ஒரு தெருவில் ஞாயிற்றுக்கிழமை ஜெபம் நடத்தும் உபதேசியார். தெருவுக்கு இருந்த ஒரே கிணறு மழையில் இடிந்து தூர்ந்துவிட்டது. மாடு குளிக்கிற கண்மாயில்தான் குடிக்கத் தண்ணீர் எடுத்தார்கள். ஊர்க்கிணற்றில் அவர்களைக் கயிறு போட விட மாட்டார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். கிணற்றைச் சரிசெய்து கொடுங்கள் என்று ஒரு பக்கத்தில் அழகாக எழுதியிருந்தார்.

சர்வே நம்பர் இல்லை என்று திருப்பினேன். ஊர் நிலக்கணக்கு வைத்திருக்கும் கர்ணத்தின் பின்னால் நாயாய் அலைந்து வாங்கிவந்தார். வரைபடம் இல்லை என்றேன். அதையும் கொண்டுவந்தார். மூன்றாவது தடவை, அந்தக் கிணற்றை நம்பியிருப்பவர்களின் பெயரும் வயதும் வேண்டும் என்று கேட்டேன்.

"அம்புட்டுதானே ஐயா? வீடு வீடாப் போயி எழுதிட்டு வாரேன். செத்தப் பொறுங்க" என்றார். என்னைப் பொறுக்கச் சொன்னார்! பொறுத்துக்கொண்டிருந்தது யார்?

பட்டியல் வந்தது. அதில் கிராம முன்சீப்பின் கையெழுத்து இல்லை என்று அதையும் திருப்பினேன். அன்று வெள்ளிக்கிழமை. மறுநாள் நிலுவை வாசிக்க வேண்டுமே.

அந்தக் கையெழுத்துக்காக அவர் நடந்துகொண்டிருந்தபோதுதான் தெருவில் வாந்திபேதி கண்டது.

ஆபீஸில் செய்தி அடிபட்டது. அடுத்த முறை அவர் வாசலில் தெரிந்ததும் பதிவேட்டை விரித்துக் குனிந்துகொண்டேன். கத்துவார், நாலு பேர் முன்னால் என்னைக் கேள்வி கேட்பார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் நன்றாயிருக்கும். அவர் வழக்கம்போல மேஜையோரம் வந்து நின்றார்.

"முன்சீப் கையெழுத்து வாங்கிட்டேன் ஐயா. ஆனா பட்டியல்ல ஆறு பேரு குறைஞ்சிட்டாவ. பழசையே குடுத்தா தப்புன்னு திருப்பிருவியளோன்னு புதுசா எழுதிட்டு வந்தேன்."

பழைய பட்டியலும் கூடவே இருந்தது. இரண்டையும் வைத்துப் பார்த்தேன். அவர் வீட்டு வரிசையில் ஒரு பெயரைக் காணோம்.

"உங்க மகளா?"

"ஆமா ஐயா. ஏழு வயசுன்னு போட்டிருந்தேன்."

என்னால் அதற்குமேல் உட்கார முடியவில்லை. புது எண் போட்டு, காகிதத்தை நானே அதிகாரியின் அறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் முழுதும் படித்தார். வேலையைத் தொடங்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மனு எப்போது வந்தது என்று கேட்டார்.

"இன்றைக்கு" என்றேன். பதிவேட்டின்படி அது உண்மை.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உபதேசியாரை உள்ளே கூப்பிடச் சொன்னார். "பாரும், கொடுத்த அன்றைக்கே உம்ம காரியம் முடிஞ்சிட்டுது. இப்பல்லாம் யாரையும் நாங்க அலைய விடறதில்லை" என்றார்.

உபதேசியார் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு அதிகாரியைக் கும்பிட்டு, "ஆமா ஐயா" என்றார்.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.