போர்டு மாட்டாத பாதை

எழுபதுகளின் கடைசியில், தைப்பொங்கல் முடிந்த மறுவாரம், ஹப்புத்தளைக்கும் ஹல்துமுல்லைக்கும் நடுவில் ஒரு தேயிலை மலையில் நடந்தது இது. தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருந்தது. ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீசில் நான் சின்னக் கிளாக்கர். அந்த வயதில் எனக்குத் தெரியாத விஷயமே கிடையாது என்று நான் நம்பிக்கொண்டிருந்ததையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் தங்கைக்கு ஒரு மாப்பிள்ளை பேசியிருந்தோம். பண்டாரவளையில் வாத்தியார் வேலை. அதற்கு முன்னால் வந்த இரண்டு சம்பந்தங்கள் கைக்கு எட்டி நழுவிப்போயிருந்தன. அப்பா காலமாகிவிட்டதால் வீட்டுக்கு மூத்தவன் என்ற பொறுப்பு என் தலையில். மாப்பிள்ளைக்கும் பெற்றோர் இல்லை; ஹல்துமுல்லையில் இருந்த அக்காதான் எல்லாம். சனிக்கிழமை பகல் சாப்பாட்டுக்குத் தன் வீட்டுக்கு வந்தால், கல்யாணத் தேதியைப் பேசி முடித்துவிடலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

மாப்பிள்ளைக்கு ஒரு பைத்தியம் உண்டு, சைக்கிள். மலைப்பாதையில் கூட்டமாகச் சைக்கிளில் போவதென்றால் சாப்பாடு வேண்டாம் அவருக்கு. நாலைந்து பேராகச் சைக்கிளில் போனால் என்ன என்று அவர் கேட்டு அனுப்ப, எங்கள் சர்ச்சு வாலிபர்கள் மூன்று பேரும், பதுளை டவுனில் துணிக்கடை வைத்திருந்த என் பள்ளிக்கூட நண்பனும் கிளம்பிவிட்டார்கள். நண்பன் முஸ்லிம், வாய் சும்மா இருக்காது. பதுளை ஸ்டேஷனில் கோச்சி ஏறி, சைக்கிள்களைக் கார்டு பெட்டியில் போட்டு, பண்டாரவளையில் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு, ஹப்புத்தளையில் இறங்கிப் பெருந்தெரு வழியாகச் சறுக்கிக்கொண்டு போவதாகத் திட்டம்.

அந்த வருடம் மழை விட்டபாடில்லை. பெருந்தெருவில் ஓரிடத்தில் மண் சரிந்து பஸ் நின்றுபோய்விட்டது. இனித் தோட்டங்களுக்குள் புகுந்துதான் போகவேண்டும். தோட்டப் பாதைகளிலும் சிலது மூடிக் கிடக்கிறது என்றார்கள். எது மூடியது, எது திறந்தது என்றுதான் ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. வழி என் பொறுப்பு என்று நான் மாப்பிள்ளைக்குக் கடிதமே எழுதிவிட்டேன்.

ஆபீசில் தோட்டத்தை நடத்தும் தொரை இல்லாத நேரம் பார்த்து அந்தப் பக்கத்து மூன்று தோட்டங்களுக்குப் போன் போட்டேன். முதல் தோட்டத்துக் கிளாக்கர், மேல் பாதை மூடியிருக்கிறது, கீழ்ப் பாதையில் போங்கள் என்றார். இரண்டாவது ஆள், கீழ்ப் பாதைதான் மூடியிருக்கும், மேலே போங்கள் என்றார். மூன்றாவது தோட்டத்தில் தலைமைக் கிளாக்கரே பேசினார். இரண்டும் திறந்துதான் இருக்கிறது, ஆனால் யாரும் போகக்கூடாது என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்பதற்குள் லைன் அறுந்துவிட்டது. வெலிமடையிலிருந்து லீக்ஸ் காய்கறி ஏற்றி வரும் ஒரு லொறி டிரைவர், தான் நேற்றுத்தான் அந்த வழியாக வந்ததாகவும் எல்லாம் நன்றாக இருப்பதாகவும் சத்தியம் செய்தார். அவர் வந்தது வேறு மலை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வெள்ளைக்காரன் காலத்து வரைபடம் ஒன்று ஆபீஸ் அலமாரியில் இருந்தது. அதைப் பார்த்து நானும் ஒரு படம் வரைந்தேன். திறந்த பாதைக்கு நீலப் பென்சில், மூடிய பாதைக்குச் சிவப்பு. ஒவ்வொரு போனுக்கும் ஒருமுறை அழித்துத் திருப்பி வரைந்ததில், கடைசியில் எல்லாப் பாதையும் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது.

ஆபீஸ் கூட்டும் அம்மா ஒருத்தர் இருந்தார். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் இருப்பவர், என்னைவிட நாலைந்து வயதுதான் கூடுதலாக இருக்கும். நான் படத்தோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"ஐயா, அந்தப் பக்கத்துலதான் எங்க தங்கச்சி வாக்கப்பட்டிருக்கா. கீழ் ரோடு இடிஞ்சு போயிருச்சுன்னு பொங்கலுக்கு வந்தப்ப பேசிக்கிட்டாங்க."

"ஆபீசுக்கே போன் போட்டுக் கேட்டாச்சு" என்றேன். அவர் மேசைக்கு அடியில் குப்பையைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அந்தக் காலத்தில் எங்களைப் போன்ற ஆபீஸ்காரர்கள் லயத்து ஆட்களிடம் வேலை சொல்வோமே தவிர, விவரம் கேட்கமாட்டோம். அப்படித்தான் பழகியிருந்தோம்.

சனிக்கிழமை காலை வீட்டிலிருந்து கிளம்பும்போது என் அம்மா வாசல்வரை வந்தார். "மத்த எதுவும் எனக்குத் தெரியாது. அந்தப் புள்ளைய முழுசா கொண்டுபோய் அவுங்க அக்கா கையில ஒப்படைச்சிரு" என்றார். தங்கை உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஏதோ யுத்தத்துக்குப் போகிறவன் மாதிரி தலையாட்டினேன்.

ஹப்புத்தளையில் இறங்கும்போது மழை இல்லை, பனிமூட்டம்தான். ஆறு சைக்கிள்களும் வரிசையாகத் தோட்டத்துக்குள் இறங்கின. அரை மணி நேரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. மேலே போன பாதையில் இரும்புக் கேட்டு பூட்டியிருந்தது. 'பாதை மூடப்பட்டுள்ளது' என்று மூன்று பாஷையிலும் எழுதிய போர்டு தொங்கியது. கீழே போன பாதையில் எதுவும் இல்லை.

நண்பன் என் படத்தை எட்டிப் பார்த்தான். "மச்சான், ஒன் படத்துல ரெண்டுமே ஒரே கலரா இருக்கு."

மாப்பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாது என்று அந்த இடத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போர்டு மாட்டியிருப்பது மூடிய பாதை, மாட்டாதது திறந்த பாதை. இதற்கு எதற்குப் படம் என்று, நானே கண்டுபிடித்தது போலக் கீழ்ப் பாதையைக் கையால் காட்டினேன்.

பாதைக்கு மேல் சரிவில் பத்துப் பதினைந்து பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டையும் அகலமான கால்சட்டையுமாக ஆறு வாலிபர்கள் போவதைப் பார்த்தால் அவர்கள் சும்மா விடுவார்களா?

"ஆறு பேருமா பொண்ணு பாக்கப் போறீங்க?" என்று ஒரு குரல். "இதுல மாப்புள யாரு, முன்னுக்குப் போறவரா?" என்று இன்னொன்று. மலையே சிரித்தது. மாப்பிள்ளைக்குக் காது சிவந்துவிட்டது. குனிந்த தலையோடு பெடலை அழுத்தி முன்னால் போய்விட்டார். நாங்கள் பின்னால்.

கொஞ்ச தூரத்தில் பின்னாலிருந்து "ஓ" என்று கூவும் சத்தம் கேட்டது. ஒருத்தி கூவ, அடுத்தவள் கூவ, எல்லோரும் சேர்ந்து கூவினார்கள். சர்ச்சுப் பையன்களில் ஒருவன் நின்று திரும்பப் பார்த்தான்.

"திரும்பாத. திரும்புனா இன்னும் கேலி பண்ணுவாங்க" என்று அதட்டினேன். தேயிலை மலைக்கு நடுவில் போகிற வேற்றாளைக் கேலி பண்ணாமல் அனுப்பமாட்டார்கள். எத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காது கேட்காத மாதிரி போவதுதான் ஆபீஸ்காரனுக்கு மரியாதை என்று எனக்குப் பாடம்.

அந்தப் பாதை மலையின் மூக்கைச் சுற்றிக்கொண்டு நீளமாக வளைந்து இறங்குகிறது. நாங்கள் அதைச் சுற்றிக்கொண்டிருக்க, அந்தப் பெண்கள் தேயிலைக்கு நடுவே குறுக்குப் படியில் ஏறி மறுபக்கம் ஓடி இறங்கியிருக்கிறார்கள். இது பிறகு தெரிந்தது. அப்போது நான் பார்த்தது ஒன்றுதான். மாப்பிள்ளை அடுத்த வளைவை நெருங்குகிறார். பாதைக்கு மேல் மண் திட்டிலிருந்து ஒரு கொழுந்துக் கூடை கொழுந்தைக் கொட்டிக்கொண்டே உருண்டு வந்து அவர் சைக்கிளுக்குக் குறுக்கே விழுகிறது. அவர் சைக்கிளோடு சரிந்து பக்கத்துத் தேயிலைச் செடிக்குள் போய் விழுந்தார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. தங்கை கல்யாணம் கண்ணெதிரில் செடிக்குள் கிடக்கிறது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். மேலே நின்ற கூட்டத்தைப் பார்த்து, "கேலிக்கும் ஒரு அளவு இல்லையா?" என்று கத்தினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். நடுவில் நின்ற ஒருத்தி, சைக்கிள் போகவிருந்த பக்கம் கையை மட்டும் நீட்டினாள்.

நடந்து போய்ப் பார்த்தேன். வளைவு திரும்பி இருபது அடி இருக்கும். அதற்குப் பிறகு பாதை இல்லை. வெட்டி எடுத்த மாதிரி மலை அப்படியே கீழே போயிருந்தது. சிவப்பு மண்ணும் வேரோடு பிடுங்கிய தேயிலையும் எங்கோ அடியில் கிடந்தன. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நண்பன் வந்து என் தோளைப் பிடித்து இழுத்தான்.

"இவ்வளவு கூவுனமே, காதுல விழலையா ஐயா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"கேலி பண்றீங்கன்னு நெனச்சேன்."

"மொதல்ல கேலிதான் பண்ணுனோம். அப்புறம் கூவுனது வேறங்க."

இடிந்த பாதைக்கு ஒரு போர்டு மாட்டியிருக்கக் கூடாதா, நல்ல பாதைக்குப் போய் மாட்டியிருக்கிறார்களே என்று கேட்டேன். மேல் பாதை தொரையின் ஜீப்புக்கு. மழையில் வெளி வண்டி போனால் கெட்டுவிடும் என்று பூட்டியிருக்கிறார்களாம். கேட்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் நுழையும் அளவுக்குச் சந்து இருக்கிறதாம்.

"அப்ப இந்த ரோட்டுக்கு?"

"இது இடிஞ்சது இங்க எல்லாருக்கும் தெரியுமேங்க. தெரிஞ்ச ரோட்டுக்கு எதுக்கு போர்டு?"

அவள் சொன்னது நியாயமா அநியாயமா என்று இத்தனை வருடம் கழித்தும் எனக்குத் தீர்மானம் இல்லை.

அதற்குள் கங்காணி வந்துவிட்டார். பாதை முழுக்கக் கொழுந்து சிதறிக் கிடக்கிறது. யாருடைய கூடை என்று சத்தம் போட்டார். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. நான்தான் மோதிவிட்டேன் என்று மாப்பிள்ளை முழங்கையில் ரத்தத்தோடு முன்னால் வந்தார். கங்காணி எங்களையும் அந்த வளைவையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

ஆறு பேரும் குனிந்து கொழுந்து பொறுக்கினோம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் குறைந்தாலோ மண் கலந்திருந்தாலோ அவர்களுக்கு என்ன நடக்கும் என்பது கிளாக்கர் வேலை பார்க்கும் எனக்குத் தெரியாதா? மண்ணை ஊதி ஊதிக் கூடையில் போட்டேன். முக்கால் கூடைதான் தேறியது. அப்போது அந்தப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து, தன் கூடையிலிருந்து ஒரு கை அள்ளி அதில் போட்டுவிட்டுப் போனார்கள். கடைசியில் எல்லாக் கூடையும் ஒரே மாதிரி இருந்தது. யார் உருட்டினார்கள் என்று தெரிந்தால் அவர் கையைப் பிடித்தாவது நன்றி சொல்லலாம் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லா முகத்திலும் அதே பழைய சிரிப்பு வந்துவிட்டது.

"சும்மா பாத்துக்கிட்டு நிக்காதீங்க. பொண்ணு காத்துக்கிட்டு இருக்கப்போவுது" என்றது ஒரு குரல்.

கேட்டுச் சந்தில் சைக்கிளை நுழைத்து மேல் பாதையில் போனோம். அக்கா வீட்டைச் சேரும்போது சோறு ஆறிப்போயிருந்தது. தம்பியின் கையைப் பார்த்ததும் அக்காவின் முகம் மாறியது. இனி இந்தச் சம்பந்தமும் போச்சு என்று நான் படியிலேயே நின்றுவிட்டேன்.

"அவர் வழி சரியாத்தான் காட்டுனாரு அக்கா. நான்தான் வேகமா போய் விழுந்துட்டேன்" என்றார் மாப்பிள்ளை. அவர் சொன்னது பொய் என்பது அங்கே நின்ற ஆறு பேருக்கும் தெரியும். அன்றைக்கே தேதி வைத்துவிட்டார்கள். எனக்குச் சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை ஆபீஸ் கூட்டும் அம்மா வழக்கம்போல வந்தார். எனக்கு முன்னாலேயே செய்தி லயத்துக்கு வந்துவிட்டிருந்தது. அவராக ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் நாற்காலியை விட்டு எழுந்து, "நீங்க சொன்னத நான் கேட்டிருக்கணும்" என்றேன். அவரை அதற்கு முன் ஒருநாளும் நீங்க என்று நான் சொன்னதில்லை. அவர் விளக்குமாற்றை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"கூடைய உருட்டுனது யாருன்னு உங்க தங்கச்சிக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"கேட்டேங்க ஐயா. எல்லாருந்தான்னு சொல்றாங்க."

தங்கைக்குப் பேரப்பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு முழங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. இன்றைக்கும் தேயிலை மலைக்கு நடுவில் போகும்போது மேலே பெண்களின் குரல் கேட்டால், அது கேலியா கூப்பிடுகிற கூவலா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரிவதில்லை. அதனால் ஒவ்வொரு தடவையும் நின்று, திரும்பிப் பார்த்து, என்னவென்று கேட்டுவிட்டுத்தான் போகிறேன்.