விரலோடு கழன்று வந்த போல்ட்

இலங்கை மலைநாட்டில், லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆட்டோ ஓட்டுகிறேன். இடுப்பு வலி வந்ததிலிருந்து சில வருடங்களாக ஒயில் மாற்ற வண்டியைக் கராஜில்தான் விட்டுவந்தேன். வலி குறைந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழையபடி எங்கள் லய வீட்டு வாசலில் நானே மாற்ற உட்கார்ந்தேன். வடியும் ஒயிலுக்கு மனைவி செல்வி பேசினைப் பிடித்திருந்தாள்.

எஞ்சினுக்கு அடியில், ஒயில் வடிக்கும் போல்ட்டைச் சுற்றி அப்பியிருந்த அழுக்கைத் துடைத்தேன். விரல் பட்டதுமே போல்ட் சுழன்றது. ஸ்பேனர் வைக்காமலே கையோடு வந்துவிட்டது. போன தடவை கராஜில் யாரோ இறுக்க மறந்திருக்கிறார்கள்.

“ஏங்க, நேத்து இந்த வண்டியிலயா கலாவைக் கூட்டிட்டுப் போனீங்க?” என்றாள் செல்வி.

தலையாட்டினேன். முதல் நாள் கொட்டும் மழையில், பிரசவ வலியில் துடித்த பக்கத்து வீட்டுக் கலாவை இதில்தான் பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். போன சற்று நேரத்தில் குழந்தை பிறந்தது. வழியில் போல்ட் விழுந்திருந்தால் ஒயில் கொட்டி, எஞ்சின் இறுகி, ஏதாவது ஒரு வளைவில் நின்றிருப்போம். அத்தனை குலுக்கலிலும் அந்த அழுக்குதான் அதைத் தாங்கியிருக்கிறது.

“சாமிதாங்க பிடிச்சிக்கிட்டு இருந்திருக்கு” என்று செல்வி கும்பிட்டாள்.

புது வாஷர் போட்டு இறுக்கினேன். அன்றிலிருந்து ஒயில் மாற்றுவது நான்தான். வண்டி எடுக்குமுன் அடியில் குனிந்து பார்ப்பேன். தாயையும் பிள்ளையையும் அழைத்துவரப் போனபோதே அந்தப் பழக்கம் தொடங்கிவிட்டது.

“என்னண்ணே, எதையாவது தொலைச்சிட்டீங்களா?” என்றான் கலாவின் கணவன்.

“ஒண்ணும் தொலையலப்பா. ஏறு, போவோம்” என்றேன்.