நிழல்பையன் வழக்கு

சரஸ்வதி பூசைக்குப் பேய்களையும் வைத்துக் கும்பிட்ட வீடு கொக்குவிலில் எங்கள் வீடு ஒன்றாகத்தான் இருக்கும். அந்தப் பெருமைக்குக் காரணம் நான். அப்போது எனக்குப் பதினொரு வயது.

பேய்கள் கனடாவிலிருந்து வந்தவை. கோயில் திருவிழாவுக்கு வந்திருந்த பெரியப்பாவின் மகன், திரும்பிப் போகிறபோது பெட்டியின் பாரம் கூடிவிட்டதென்று சில ஜப்பானியப் படக்கதைப் புத்தகங்களை என் கையில் தள்ளிவிட்டுப் போனார். எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. நாங்கள் பின் அட்டை என்று நினைப்பதுதான் அவற்றுக்கு முன் அட்டை என்றும், வலமிருந்து இடமாக வாசிக்கவேண்டும் என்றும் சொல்லித் தந்ததும் அவர்தான். அதை எச்சரிக்கையாகவே அச்சடித்து ஒரு தாள் இருக்குமாம். முதலாம் பாகத்தில் மட்டும் அந்தத் தாள் அட்டையோடு கழன்று எங்கேயோ போய்விட்டது. இது பிறகு பெரிய விஷயமாகும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

கதை இதுதான். மலையடிவாரத்துப் பையன் ஒருவனின் நிழலுக்குள் பழைய காலத்துப் போர்வீரன் ஒருவனின் ஆவி புகுந்துவிடுகிறது. பையன் பயப்படும்போதெல்லாம் நிழல் எழுந்து நின்று சண்டை பிடிக்கும். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் நிழல் கொஞ்சம் வளரும். முதலாம் பாகம் முடிகிறபோது அது ஒரு மலையையே மூடி நிற்கும். நானும் தம்பியும் அவனுக்கு நிழல்பையன் என்று பெயர் வைத்தோம். பின்னேரங்களில் தண்டவாளத்துக்குப் பக்கத்தால் போகும் ஒடுங்கிய ஒழுங்கையில் எங்கள் நிழல்கள் நீண்டு கிடக்கும் நேரம் பார்த்து ஒருவரின் நிழலை ஒருவர் மிதித்துப் போர் செய்வோம். தோற்றவர் செத்துவிழ வேண்டும். தம்பி எப்போதும் மாட்டுச் சாணி இல்லாத இடம் பார்த்துத்தான் செத்தான்.

அம்மாவுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. கணக்கில் எனக்குப் புள்ளி குறைந்ததற்கும் பேய்களே காரணம் என்று கண்டுபிடித்தார்.

“செவ்வாய் வெள்ளி எண்டும் இல்லை, பேயின்ரை முகத்திலைதான் முழிக்கிறாள். பூசை முடியட்டும், உது முழுக்கக் கடலைக்காரனுக்குத்தான். சுருள் சுத்தவெண்டாலும் உதவும்.”

அம்மா சொன்னால் செய்கிறவர். ஆகவே நான் முந்திக்கொண்டேன். நவராத்திரியின் கடைசி மூன்று நாளும் பள்ளிப் புத்தகங்களைக் கும்பத்தடியில் வைத்துவிட்டால் விஜயதசமி வரைக்கும் யாரும் தொடக்கூடாது. என் விஞ்ஞானப் புத்தகத்துக்கும் சமயப் புத்தகத்துக்கும் நடுவே நிழல்பையனைச் செருகிவிட்டேன்.

அம்மா அதை அடுத்த நாள்தான் கண்டார். பூ வைக்கக் குனிந்தவரை, புத்தக அடுக்கின் நடுவே ஒரு முதுகு அட்டையிலிருந்து பேயொன்று ஒற்றைக் கண்ணால் பார்த்தது. அம்மாவின் கை அப்படியே நின்றது. எடுக்கவும் முடியாது, விடவும் மனமில்லை. கடைசியில் ஒரு செவ்வரத்தம் பூவை அந்தக் கண்ணின் மேல் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பக்தியோடு கண்ணை மூடிக்கொண்டேன்.

விஜயதசமியன்று பூசைக்கு மாமாவும் மாமியும் வந்தார்கள். மாமா அம்மாவின் அண்ணன். தபால் கந்தோரில் வேலை. ஆனால் அவருடைய உயிர் இருந்தது பட்டிமன்றத்தில். அக்கம்பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் நடுவராக அமர்வார். எந்தத் தலைப்பாக இருந்தாலும் இரண்டும் சமம் என்று தீர்ப்புச் சொல்வார். யாருடைய மனமும் நோகாது. அதனாலேயே அடுத்த வருடமும் கூப்பிடுவார்கள்.

அவலும் கடலையும் சாப்பிட்டுக்கொண்டே புத்தகத்துக்காக நானும் அம்மாவும் பிடித்த சண்டையைக் கேட்ட மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“வழக்கெண்டு வந்தால் மன்றம் வைக்கவேணும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வைப்பம். நிழல்பையன் கதையில் விஞ்சி நிற்பது நிறையா, குறையா? நிறையெண்டால் புத்தகம் பிள்ளைக்கு. குறையெண்டால் கடலைக்காரனுக்கு.”

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கட்சியை மாற்றிப் பேசவேண்டும் என்று ஒரு விதியும் போட்டார். அம்மா நிறை என்று பேசவேண்டும், நான் குறை என்று பேசவேண்டும். அப்படியென்றால்தான் வீட்டில் சண்டை வராதாம். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

“அப்ப ரெண்டு பேரும் தோக்கிறதுக்கெல்லோ போட்டி போடப்போகினம்!”

உண்மைதான். நான் தோற்றால்தான் புத்தகம் எனக்கு. அம்மா தோற்றால்தான் அது கடலைக்காரனுக்கு. எனக்கு மனம் குளிர்ந்தது. உளறிக் கொட்டித் தோற்பதற்கு என்ன கஷ்டம்?

ஞாயிறு வரைக்கும் முதலாம் பாகம் குசினியில் இருந்தது. உலையில் அரிசி கொதிக்க, அம்மா ஒரு கையில் அகப்பையும் மற்றக் கையில் பேயுமாக நின்று வாசிப்பதை வாசலால் எட்டிப் பார்த்தேன். சண்டைப் பக்கங்களில் இருந்த ஆங்கிலம் பெரும்பாலும் கத்தல்தான் என்பதால் அவருக்குப் பெரிய தடை இருக்கவில்லை. ஒரு தடவை தானாகச் சிரித்தார்.

“உந்தப் பொடியனுக்கு என்ன வயசு?”

“பதின்மூண்டு அம்மா.”

“ம்,” என்றார். உலை பொங்கி அடுப்பில் வழிந்ததைக்கூட நான்தான் சொல்லவேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முன்னறையில் மன்றம் கூடியது. மாமா சால்வையோடு கைபிடி வைத்த கதிரையில் அமர்ந்ததும் எழுத்துத் தமிழுக்கு மாறிவிட்டார். நேரத்துக்கு மணி அடிக்கச் சாமியறை மணியோடு அப்பா. சபையோர், மாமியும் தம்பியும்.

முதலில் நான். திட்டப்படி மெல்லிய குரலில் தடுமாறித்தான் தொடங்கினேன். கெட்ட காலம், முதல் பகிடிக்கே மாமி சிரித்துவிட்டார். சபை சிரித்தால் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தலைகால் தெரியாது.

“நடுவர் அவர்களே! மூண்டாம் பாகத்திலை வாளை ஓங்கினவன் நாலாம் பாகத்திலையும் ஓங்கினபடியே நிக்கிறான். நிண்டுகொண்டு தன்ரை சின்ன வயசுக் கதையைச் சொல்லுறான். மற்றவன் வெட்டாமல் அழுது அழுது கேக்கிறான்! இது சண்டையோ, செத்தவீடோ?”

மாமி கை தட்டினார். தம்பி விசிலடித்தான். பிறகு என்னைப் பிடிக்க ஆளில்லை. தோற்கப் போகிற நேரமெல்லாம் பையனுக்கு எங்கிருந்தோ ஒரு புதுச் சக்தி வந்துவிடுகிறது, பிறகு நாங்கள் எதற்காகப் பயப்படவேண்டும் என்று கேட்டேன். செத்தவர்களெல்லாம் அடுத்த பாகத்தில் திரும்பி வருகிறார்கள் என்றேன். பெண்பிள்ளைகள் ஓரத்தில் நின்று அவனுடைய பெயரைச் சொல்லிக் கத்துவதோடு சரி, அந்த நிழல் ஏன் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கவில்லை என்று மேசையில் அடித்தேன். அப்பா மணி அடித்து அடித்துக் களைத்துவிட்டார். உட்கார்ந்த பிறகுதான் பேசியதை எண்ணிப் பார்த்தேன். அத்தனையும் உண்மை, அத்தனையையும் சொன்னது நான், கடலைச் சுருளாகப்போவது என்னுடைய புத்தகம்.

இனி அம்மாதான் கதி. அவர் நன்றாகப் பேசினால்தான் நிழல்பையன் பிழைப்பான். ஆனால் அவருக்கோ தோற்பதில்தான் லாபம்.

அம்மா எழுந்து சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. தோற்க நினைக்கிறவர்கள் சேலையைச் செருகுவதில்லை.

இந்தப் பேய்கள் பயமுறுத்த வந்த பேய்கள் இல்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு மனக்குறை இருக்கிறது, அதைப் பொறுமையாகக் கேட்டால் தன்பாட்டில் போய்விடுகிறது என்றார். பயந்த பிள்ளையைக் கோழை என்று கதை எங்கேயும் ஏசவில்லை என்றார். நான் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“எல்லாத்தையும் விடப் பெரிய நிறை ஒண்டு இருக்கு. தொடக்கத்திலை உந்தப் பொடியன் மலையளவு நிழலோடை நிக்கிறான். சண்டை பிடிக்கப் பிடிக்க நிழல் குறைஞ்சுகொண்டு வருது. கடைசியிலை தன்ரை அளவு நிழலோடை, பையையும் தூக்கிக்கொண்டு வீட்டை வாறான். தாய் வாசல் படலையடியிலை நிக்கிறா. உள்ளுக்கை கூட்டிக்கொண்டு போய்ச் சோறு குடுக்கிறா. என்னதான் பலம் வந்தாலும் பிள்ளை வீட்டை வந்து சேரவேணும். அதைச் சொல்லுற கதை எப்பிடிக் கெட்ட கதையாகும்?”

அப்பா மணியைப் பிடித்தபடி இருந்தார். அடிக்கவில்லை. நான் மட்டும் துள்ளி எழுந்தேன்.

“அம்மா பின்பக்கத்தாலை வாசிச்சிருக்கிறா! நடுவர் அவர்களே, அவன் வீட்டை வரேல்லை, வீட்டை விட்டுப் போறான்! அதுதான் முதல் பக்கம்!”

புத்தகத்தைப் பிடுங்கி எல்லோருக்கும் காட்டினேன். அந்தப் பக்கங்களில் ஒரு சொல்லும் கிடையாது. தாய் சோறு போடுகிறாள், படலையடியில் இருவரும் முகம் பார்த்து நிற்கிறார்கள், பிறகு நீண்ட பாதை. வீடே அதிரச் சிரித்தது. அம்மாவும் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார்.

நிறை பேசிய கட்சி கதையையே மாற்றிவிட்டபடியால் விஞ்சி நிற்பது குறையே என்று, தன் வாழ்நாளிலேயே முதல் தடவையாக ஒரு பக்கம் சாய்ந்து தீர்ப்புச் சொன்னார் மாமா. நான் வென்றேன். இரண்டு கையையும் தூக்கிக் குதித்தேன். குதித்துத் தரையில் கால் படும்போதுதான் வென்றதன் அர்த்தம் விளங்கியது. ஓவென்று அழத் தொடங்கினேன். வென்றவள் அழுத மன்றத்தை மாமா அதற்கு முன் கண்டதில்லை.

அடுத்த நாள் காலை புத்தகங்கள் என் மேசையில் இருந்தன. கடலைக்காரனைப் பற்றி யாரும் பேசவில்லை. முதலாம் பாகத்தை மட்டும் காணவில்லை. தேடிப் போனால் அது அம்மாவின் அலுமாரியில், கூறைச் சேலைக்குப் பக்கத்தில் இருந்தது.

“அது நான் வாசிக்கிறது,” என்றார் அம்மா.

“அப்ப சரியான பக்கத்தாலை வாசியுங்கோ. நான் காட்டித் தாறன்.”

“வேண்டாம் பிள்ளை. எனக்கு உந்தப் பக்கத்தாலை வாசிச்சதுதான் பிடிச்சிருக்கு.”

ஒரு புத்தகத்தைச் சரியாகப் பிடிக்கத் தெரியாத அம்மா நமக்கு வாய்த்திருக்கிறாரே என்று தம்பியிடம் சொல்லி அன்று முழுக்கச் சிரித்தேன்.

இப்போது எனக்குக் கொழும்பில் வேலை. லீவு கிடைத்தால் ரயிலேறி, கொக்குவிலில் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு அதே ஒழுங்கையால் நடந்து வருகிறேன். பின்னேர வெயிலில் என் நிழல் எனக்கு முன்னால் நீண்டு போகும். படலையடியில் அம்மா நிற்கிறார். “வந்திட்டியோ? வா, சோறு ஆறப்போகுது,” என்று பையை வாங்கிக்கொண்டு உள்ளே நடக்கிறார்.

பதினொரு வயதில் எனக்குப் போகிற வழி மட்டும்தான் தெரிந்திருந்தது.